தன்னலமற்ற மனைவிக்கு நன்றி

"யாரைக் கேட்டு என்னைத் தன்னலமற்றவள்னு அச்சடிச்சீங்க?"

"அது பாராட்டும்மா!"

"பாராட்டுன்னா என்கிட்ட காட்டியிருக்கலாமே? புத்தகம் நூத்தித் தொண்ணூத்திரண்டு பக்கம். நூத்தித் தொண்ணூத்தொண்ணையும் நான் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம் மட்டும் எனக்குத் தெரியாம நேரா அச்சகத்துக்குப் போயிருக்கு. அந்த ஒரு பக்கத்துலதான் பொய்!"

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்..."

"இருக்கு. ரொம்ப ஆச்சரியமா இருக்கு."

"கத்தாதே, மாடியில கேக்கும்."

மாடியில் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் நல்ல வார்த்தைகளாகப் பார்த்து விட்டுப்போகின்றன என்று மாடிவீட்டு அம்மாள் குழாயையே மூடிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு பாராட்டுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொள்வதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

அந்த வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் கொள்கையார். எதைக் கேட்டாலும் "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று ஆரம்பிப்பார். எதிர்வீட்டில் பீரோவை நகர்த்த ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டபோது, உதவி செய்வது உங்களை அவமானப்படுத்துவது ஆகும் என்று விளக்கிவிட்டு உள்ளே போனார். அதே வாரம் அதே வீட்டில் ஏணி இரவல் கேட்டார்.

இதெல்லாம் அவர் சொந்தச் சரக்கு இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் செத்துப்போன ஒரு நாவலாசிரியையின் சரக்கு. நாவலாசிரியை என்று மட்டும் சொன்னால் கொள்கையாருக்குக் கோபம் வரும். தத்துவவாதி என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதன் தனக்காகவே வாழ வேண்டும், அடுத்தவனுக்காக வாழ்கிறவன் தன்னையும் கெடுத்து அவனையும் கெடுக்கிறான் என்பது அந்த அம்மையாரின் கட்சி. அதையே நாவலாக, கட்டுரையாக, பேட்டியாக முப்பது வருடம் எழுதினார். அவரைத் திட்டியும் தூக்கி வைத்தும் மற்றவர்கள் அதைவிட அதிகமாக எழுதிவிட்டார்கள். புதிதாகப் படிக்க வருகிறவன் எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது என்று தெரியாமல் முழிப்பான். அவனுக்காகத்தான் அந்த நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம்: அம்மையார் எழுதியவை ஒரு பகுதி, அம்மையாரைப் பற்றி எழுதப்பட்டவை இன்னொரு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. அட்டையில் 'ஒரு வாசிப்பு வழிகாட்டி', அதன் கீழே தொகுப்பாசிரியர் என்று கொள்கையாரின் பெயர். கடைசிப் பக்கத்தில் நன்றியுரை. அதில்தான் 'தன்னலமற்ற உதவி புரிந்த என் மனைவிக்கு' என்ற வரி. தமிழில் புத்தகம் போடுகிற எல்லோரும் எழுதுகிற வரிதான். கைப்பழக்கத்தில் எழுதிவிட்டார்.

"நான் தன்னலமில்லாம ஒண்ணும் செய்யல," என்றாள் மனைவி. குரல் இறங்கியிருந்தது, மாடிவீட்டு அம்மாள் படியில் இரண்டு எட்டு இறங்க வேண்டியிருந்தது. "எனக்குப் பிடிச்சிருந்தது, படிச்சேன். எழுதணும்னு தோணுச்சு, எழுதினேன். முழுக்க முழுக்க எனக்காக. உங்க அம்மையார் சொல்ற மாதிரியே. அதுக்கு நன்றி வேண்டாம். அட்டையில என் பேரைப் போடுங்க."

கொள்கையார் சுவர்க் காலண்டரைக் காட்டினார்.

"வியாழக்கிழமை எனக்கு நேர்காணல்."

"தெரியும்."

"சனிக்கிழமை எனக்கு நாப்பத்தஞ்சு முடியுது. அதுக்கப்புறம் நிரந்தர வேலைக்கு வயசு இல்ல. ஒன்பது வருஷமா தற்காலிகம், தற்காலிகம்னு..."

"அதுவும் தெரியும். விண்ணப்பத்தை டைப் பண்ணதே நான்தானே?"

விஷயம் இதுதான். பொது நூலகத்தில் தனித்தொகுப்புப் பிரிவுக்குக் காப்பாளர் வேண்டும். விண்ணப்பிக்கிறவர் தானே தொகுத்த ஒரு நூல்விவரப் பட்டியலாவது அச்சில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 'தானே' என்பதை விதிமுறையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அட்டையில் இரண்டு பெயர் வந்தால் அந்தத் 'தானே' போய்விடும். கொள்கையாருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு நாற்காலி.

வழிகாட்டியைக் கொள்கையார் தொடங்கினார் என்பது பொய்யில்லை. அட்டைப்பெட்டி நிறையச் சீட்டுகள் எழுதி வைத்திருந்தார். அம்மையாரின் மெலிந்த முதல் நாவலை நாலு தடவை படித்தவர். ஆனால் ஆயிரத்து நாற்பது பக்கப் பெரிய நாவல் ஒன்று உண்டு. அதன் தலைப்பு 'வாடகைக்கு இல்லாத வானம்'. ரசிகர்கள் செல்லமாகச் 'செங்கல்' என்பார்கள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் செருகிய பஸ் டிக்கெட் எட்டு வருடமாக அங்கேயே பயணம் செய்துகொண்டிருந்தது. மனைவி ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் குறிப்பு இருக்கு, பெருசுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்டாள். நேரமில்லை என்றார். அவள் எடுத்துப் படித்தாள். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. பதினாலு மாதத்தில் நாற்பத்தேழு புத்தகம். அவரிடமிருந்த பழைய குறிப்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டுத் திருப்பி எழுதினாள்.

அவள் குறிப்புகளின் ருசியே தனி. அம்மையாரின் உதவியாளராக இருந்தவர் சண்டை போட்டுப் பிரிந்தபின் எழுதிய நினைவுக்குறிப்புக்கு அவள் எழுதியது: "கோபத்தில் எழுதியது. ஆனால் தேதிகள் சரி." ஒரு கடினமான கட்டுரைத் தொகுப்புக்கு: "இதைப் படிக்காமல் விட்டால் குற்றமில்லை. படித்ததாகச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் போதும்." முன்னுரை மட்டும் கொள்கையார் எழுதியது. அதில் 'நான்' நூற்றுப் பதினாறு இடத்தில் வந்தது. அவள் அறுபதாகக் குறைத்தாள். "கொள்கைப்படி தப்பில்ல, படிக்கத்தான் முடியல," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மையாரின் வாசகர் வட்டம் அவசரமாகக் கூடியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை, பதினோரு நாற்காலி, பதினோரு பிளாஸ்க். ஒருவருக்காக ஒருவர் டீ போடுவது கொள்கைக்கு விரோதம் என்பதால் அவரவர் டீயை அவரவர் கொண்டு வருவார்கள். கொள்கையாரின் டீயை அவர் மனைவி போட்டு ஊற்றிக் கொடுத்தது வட்டத்துக்குத் தெரியாது. கூட்டத்தில் யாராவது வாய்தவறித் தியாகம் என்று சொல்லிவிட்டால் எழுந்து நின்று அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்தான் தலைவர். கையில் வழிகாட்டியைச் சுருட்டி வைத்திருந்தார்.

"தம்பி, எழுந்து நில்லுங்க."

கொள்கையார் நின்றார்.

"அம்மையார் வாழ்நாள் பூரா எந்தச் சொல்லை எதிர்த்தாங்களோ, அதை அவங்க புத்தகங்களுக்கு வழி சொல்ற புத்தகத்துலயே போட்டிருக்கீங்க. தன்னலமற்ற! படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"நன்றியுரையை யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"நான் அதைத்தான் முதல்ல படிப்பேன். என் பேர் இருக்கான்னு பார்க்க."

"இருக்கு சார்."

"இருக்கு. அஞ்சாவதா இருக்கு. அது வேற விஷயம்." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லைத் திரும்பப் பெறுங்க."

"அச்சாயிடுச்சே சார். முந்நூறு பிரதி."

"ஒட்டுச்சீட்டு ஒட்டுங்க. உங்க மனைவி தன்னலத்தோடதானே உதவினாங்க? அப்படியே போடுங்களேன். 'தன்னலம் மிக்க என் மனைவிக்கு.'"

வட்டத்தின் செயலாளர், கல்யாணம் என்பது இரண்டு பேர் சேர்ந்து தொலைந்துபோவது என்று மூன்று கட்டுரை எழுதிய அம்மாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படிப் போட்டா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க சார்."

தலைவர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை நேர்காணலுக்கு நூலகத்துல என்னை நிபுணரா கூப்பிட்டிருக்காங்க, தெரியும்ல? உங்களுக்காகப் பேசணும்னு எனக்கு ஆசை. இந்தச் சொல்லை வச்சுக்கிட்டு பேச முடியாது."

கொள்கையார் படியிறங்கினார். வீட்டில் அந்தச் சொல் பொய் என்கிறாள். வட்டத்தில் அந்தச் சொல் பாவம் என்கிறார்கள். எல்லோரும் எழுதுகிற ஒரு வரி, இவர் ஒருவர் கழுத்தை மட்டும் தேடி வந்து நெரிக்கிறது. கடைக்காரரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்; சனிக்கிழமைக்குக் காத்திராமல் இப்போதே வயது தாண்டிவிட்ட முகம்.

புதன்கிழமை லீவு போட்டார். கட்டிலின் ஒரு பக்கம் முழுக்கப் புத்தகக் கட்டு. வெள்ளைத்தாளைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கத்தரித்து, பசை தடவி, 'தன்னலமற்ற' மேல் ஒட்டினார். மாற்றுச் சொல் எதுவும் போடவில்லை. சொல்லே இல்லாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா? மத்தியானத்துக்குள் எண்பது ஒட்டிவிட்டார். விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது, மூக்கைச் சொறிந்ததில் மூக்கிலும் ஒரு சீட்டு.

அச்சகத்திலிருந்து வந்த மனைவி ஒரு பிரதியை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பக்கத்தைப் பிடித்தாள். பிழை திருத்துகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"தெரியுது," என்றாள்.

"என்ன தெரியுது?"

"கீழ இருக்கிற சொல்லு."

அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டார். பசை பிசுபிசுக்க இரண்டு கையையும் கூப்பினார். "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா. ஒரே ஒரு நாள். வேலை கிடைச்சதும் அடுத்த பதிப்புல உன் பேரைப் போடுறேன். முதல்ல உன் பேரு, அப்புறம் என் பேரு."

"வேலை கிடைச்ச பிறகு, நானே தொகுத்தேன்னு சொன்னது பொய்னு அச்சடிச்சுக் காட்டுவீங்களா?"

அது அவருக்குத் தோன்றவில்லை. பதில் தேடிக் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலில் முந்நூறு புத்தகம் இருந்தது, பதில் இல்லை.

"அப்ப ஒண்ணு செய். செங்கல்லைப் பத்தி எனக்குச் சொல்லு. நாளைக்கு அதுலதான் கேப்பாங்க. நீ எழுதின குறிப்பு ஒவ்வொண்ணும் ஏன் எழுதினேன்னு சொல்லிடு. உட்காரு. நான் குறிச்சுக்கிறேன்."

"பதினாலு மாசம் சொன்னேனே. சாப்பிடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். 'ம்'னு சொன்னீங்க. ஒருதரம், கேக்குறீங்களான்னு பார்க்க, கதாநாயகி குதிரையா மாறிட்டான்னு சொன்னேன். அதுக்கும் 'ம்'."

கொள்கையார் அப்போது செய்த காரியத்தை மாடிவீட்டு அம்மாள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெருவே பார்த்திருக்கும். அவர் மனைவியின் காலில் விழுந்தார். அந்த நாற்பத்தேழு புத்தகத்திலும் யாரும் யார் காலிலும் விழுந்ததில்லை. இவர் விழுந்தார், நெற்றி தரையில் பட, ஒட்டுச்சீட்டுகளுக்கு நடுவே.

"எழுந்திருங்க. ஐயோ, எழுந்திருங்கன்னு சொல்றேன்ல?"

"இது போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. நாப்பத்தஞ்சு வயசுல நான் யாருன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் குனிந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "நான் எங்கயும் போய்ச் சொல்ல மாட்டேன்," என்றாள். "அந்தப் பயம் வேண்டாம். ஆனா உங்களுக்குப் பாடம் சொல்லித்தர மாட்டேன். அது என்னோடது. ஒண்ணே ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்." பிறகு, சாதாரணமாக ஒரு செய்தி சொல்கிறவள்போல, "எங்க அச்சகத்துக்கு வெளியூர்ல புதுக் கிளை. திருத்தப் பிரிவைப் பார்த்துக்க வரியான்னு கேட்டாங்க. உங்க நேர்காணல் முடியட்டும்னு பதில் சொல்லாம வச்சிருக்கேன்," என்றாள்.

கொள்கையாரின் காதில் நேர்காணல் என்ற சொல் மட்டும் விழுந்தது.

வியாழக்கிழமை, நூலகத்தின் கூட்ட அறை. தலைமை நூலகர் கண்டிப்பான அம்மாள்; பக்கத்தில் நிபுணர் நாற்காலியில் வட்டத் தலைவர். கொள்கையார் கொடுத்த பிரதியைத் தலைவர் முதலில் கடைசிப் பக்கத்தில் திறந்தார். ஒட்டுச்சீட்டைத் தடவிப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். கொள்கையாருக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக இறங்கியது.

தலைமை நூலகர் புத்தகத்தைப் படித்திருந்தார். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நல்ல தொகுப்பு. சிரிச்சுக்கிட்டே படிச்சேன். குறிப்பா ஒரு இடம்." அடையாளம் வைத்த பக்கத்தைத் திருப்பினார். "பெரிய நாவலுக்கு இப்படி எழுதியிருக்கீங்க: 'கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். கதை கெடாது, தெளியும்.' ஒரு நாவலோட முடிவை முதல்ல படிக்கச் சொல்ற வழிகாட்டியை நான் பார்த்ததே இல்ல. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கொள்கையார் புன்னகைத்தார். புன்னகை முடிந்தது.

"அது வந்து... அம்மையாரோட தத்துவப்படி... முடிவு என்பது... ஒரு தனிமனிதன் தன்னோட முடிவைத் தானே..."

"தத்துவம் இல்ல. கடைசி அத்தியாயத்துல என்ன நடக்குது?"

வட்டத் தலைவர் உதவிக்கு வருவார் என்று கொள்கையார் அவர் பக்கம் பார்த்தார். தலைவர் அவசரமாகத் தன் பேனா மூடியைக் கவனித்தார். தலைவரும் எத்தனையாவது பக்கத்தில் நின்றுபோனார் என்பது தெருவுக்கு இன்றுவரை தெரியாது.

"அவ குதிரையா..." என்று கொள்கையார் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். சனிக்கிழமை. இன்னும் இரண்டே நாள். ஏதாவது சொல்ல வேண்டும். எதையாவது.

"அதை எழுதினது என் மனைவி," என்றார்.

"அந்த வரியையா?"

"அந்தக் குறிப்பை." தலைமை நூலகர் கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பகுதியை," என்றார். பிறகு, கிணற்றுக்குள் கயிறு நழுவுகிற மாதிரி, பிடிக்க முடியாமல், "எல்லாத்தையும். முன்னுரை மட்டும் நான்."

தலைமை நூலகர் புத்தகத்தை மூடி, அட்டையில் இருந்த ஒற்றைப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்தவரை வரச்சொல்லுங்க," என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார். மூன்று பஸ் அவரைத் தாண்டிப் போயின. வழியில் ஓர் எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது: நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது அதுதானே? அவள் பெயரைச் சபையில் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகிறது, அவளாவது சந்தோஷப்படுவாள். வாசலை நெருங்கும்போது நடையில் கொஞ்சம் நிமிர்வுகூட வந்திருந்தது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அச்சகத்துத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"எனக்காகச் சொன்னீங்களா? பதில் தெரியாமச் சொன்னீங்களா?"

உனக்காக என்று சொல்ல வாயெடுத்தார். ரொம்பச் சின்ன வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் கூடும். நம்ப அவளுக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. கொள்கையார் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"பதில் தெரியாம," என்றார்.

பிறகு, "இப்பவாவது சொல்லு. ஏன் கடைசியை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டார்.

"கடைசியில கதாநாயகி தோத்துடுறா," என்றாள் மனைவி. "யாரும் அதை நினைவு வச்சுக்கிறதில்ல. நடுவுல அவ பேசுற பெரிய பெரிய பேச்சைத்தான் மனப்பாடம் பண்றாங்க. தோக்கப்போறான்னு தெரிஞ்சுக்கிட்டு படிச்சா, அந்தப் பேச்செல்லாம் திமிரா கேக்காது. பயந்துபோன ஒரு பொம்பளை தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கிற மாதிரி கேக்கும். எனக்கு அதுக்கப்புறம்தான் அவளைப் பிடிச்சுது."

கொள்கையார் இந்தத் தடவை 'ம்' என்று சொல்லவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் முதுகில் கை வைத்தாள். அழுகை மாடிவரைக்கும் கேட்டது. மாடிவீட்டு அம்மாள் குழாயைத் திறந்துவிட்டாள். அவளுக்கும் மனசு என்று ஒன்று உண்டு.

ஆனால் மறுநாள் காலை மனைவி அச்சகத்துக்குப் போய், வெளியூர்க் கிளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். நீங்களும் வாங்க என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அங்கே வந்து நான் யார் என்று சொல்வது என்று கேட்டார். அதற்கு அவளிடம் குறிப்பு இல்லை.

காப்பாளர் வேலை, பழைய பத்திரிகைகளுக்கு அட்டவணை போட்டிருந்த ஒரு குமாஸ்தாவுக்குப் போனது. அவர் அந்தத் தெம்பில் அதே மாதம் கல்யாணம் செய்துகொண்டார். வாசகர் வட்டம் ஆறு மாதத்தில் கலைந்தது. தலைவரும் செயலாளரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு அறுபத்தெட்டு, அந்த அம்மாளுக்கு ஐம்பத்தொன்று. கொள்கையார் வீட்டைக் காலி செய்து, அக்கா வீட்டு மொட்டைமாடி அறைக்குப் போய்விட்டார். மனைவி இரண்டு வருடம் கடிதம் போட்டாள். மூன்றாம் வருடம் வக்கீல் மூலமாக ஒன்று வந்தது. இருவரும் சண்டையில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். அவள் இப்போது அந்த ஊரில் புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள் என்று கேள்வி. நல்ல மனிதர், அதிகம் படிக்காதவர், சொன்னால் கேட்டுக்கொள்வாராம். கொள்கையார் இருந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி குடிவந்திருக்கிறது. மெதுவாகப் பேசுகிறார்கள். மாடிவீட்டு அம்மாளுக்கு ஒன்றும் கேட்பதில்லை.